மோட்டார் வண்டியின் சமநிலையும் சாய்வெதிர்ப்புக் கோலும்

நேரான தெருவிற் செல்லும்போது மோட்டார் வண்டிகள் யாவும் ஏறக்குறைய ஒரே தன்மையனவாகவே தோன்றும். அவற்றின் குணமும் குற்றமும் வெளிப்படுவது வளைவிலேயாம். வளைவொன்றில் விரைந்து திரும்பும் வண்டியினுள் அமர்ந்திருப்போர், தாம் வெளிப்புறமாகத் தள்ளப்படுவதையும் வண்டியின் உடலும் அப்பக்கமாகவே சாய்வதையும் உணர்வர். இச்சாய்வைக் குறைத்தற்பொருட்டுப் பல வண்டிகளின் அடியிற் குறுக்காக ஓர் உருக்குக் கோல் பொருத்தப்படுகின்றது. இதனை இங்கிலாந்தினர் அன்ரி-றோல் பார் என்றும், அமெரிக்கர் ஸ்வே பார் என்றும் வழங்குவர். ஸ்ரெபிலைசர் பார் என்னும் பெயரும் உண்டு. இக்கட்டுரையில் அது சாய்வெதிர்ப்புக் கோல் எனப்படும்.

இக்கோல் இரு தொழில்களைப் புரிகின்றது. சாய்வைக் குறைத்தல் என்னும் முதலாவது தொழில் யாவரும் அறிந்தது. இரண்டாவதோ பலராலும் உணரப்படாதது. வளைவில் வண்டி தன் எல்லையை எட்டும்போது முன்சில்லுகள் முதலிற் பிடியிழக்குமா, பின்சில்லுகள் முதலிற் பிடியிழக்குமா என்பதை வரையறுப்பதில் இக்கோலுக்குப் பெரும்பங்கு உண்டு. செலுத்துபவனின் உயிரும் எதிரே வருபவரின் உயிரும் தங்கியிருப்பது இந்த இரண்டாவது தொழிலிலேயாம். எனவே கோலின் பருமனைத் தெரிதல், சாய்வு எவ்வளவு குறையும் என்னும் வினாவோடு முடிந்துவிடுவதன்று.

முதலிற் கோலின் அமைப்பை நோக்குவோர்க்கு அதன் எளிமை வியப்பளிக்கும். அது பெரும்பாலும் பகர வடிவாக வளைக்கப்பட்ட உருக்குத் துண்டாகும். அதன் நீண்ட நடுப்பகுதி இரு இறப்பர் உறைகளினூடாக வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் உள்ள புயங்கள் இடச்சில்லையும் வலச்சில்லையும் தாங்கும் உறுப்புக்களோடு தொடுக்கப்பட்டிருக்கும். இரு சில்லுகளும் ஒருங்கே மேலெழுந்தாற் கோல் தன் உறைகளுள் சுழலுமேயன்றி எதிர்ப்பொன்றும் காட்டாது. ஒரு சில்லு மேலெழ மற்றையது கீழிறங்கும்போதே கோல் முறுக்கப்படுகின்றது. முறுக்கப்பட்ட உருக்குத் தன் பழைய நிலைக்கு மீள முயலும். அம்முயற்சியே சாய்வை எதிர்க்கும் விசையாகின்றது. சுருளிவில்களை வன்மையாக்கினாலும் சாய்வு குறையும். ஆயின் பயணத்தின் மென்மையும் உடன் குறையும். மென்மையை இயன்றவரை காத்துச் சாய்வை மட்டும் எதிர்ப்பதே கோலின் சிறப்பு. கனடாவின் பிறெடரிக்டன் நகரத்தவராகிய ஸ்ரீவன் கோல்மன் என்பார் 1919 ஆம் ஆண்டிலேயே இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

கோலின் விறைப்பு எவற்றைப் பொறுத்தது என்பது அடுத்த வினா. உருக்கின் வகை மாறுவதால் விறைப்புப் பெரிதும் மாறுவதில்லை. உயர்தர உருக்கு முறிவைத் தாங்கும் ஆற்றல் மிக்கது. எனினும் ஒரே அளவான கோல்களுள் அது கூடிய விறைப்புடையதன்று. விறைப்பை ஆள்வன விட்டம், நடுப்பகுதியின் நீளம், புயத்தின் நீளம் என்னும் மூன்றுமே. நடுப்பகுதி நீள விறைப்பு அதே விகிதத்திற் குறையும். புயம் நீளின், நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விட்டமோ நான்காம் வலுவில் ஆட்சி செலுத்துகின்றது. அஃதாவது விட்டம் இரட்டித்தால் விறைப்பு 16 மடங்காகும்.

இந்நான்காம் வலுவின் விளைவை எண்களிற் காண்க. 20 மில்லிமீற்றர் விட்டமுடைய கோலுக்குப் பதிலாக 22 மில்லிமீற்றர்க் கோலைப் பொருத்தினால், விட்டம் பத்திலொரு பங்கே கூடியபோதிலும் விறைப்பு 46 சதவீதம் கூடுகின்றது. 18 மில்லிமீற்றரிலிருந்து 24 மில்லிமீற்றருக்குச் சென்றால் விறைப்பு மூன்று மடங்கிலும் சிறிது மிகும். புயத்தை 250 மில்லிமீற்றரிலிருந்து 225 மில்லிமீற்றராகக் குறைத்தால் விறைப்பு 23 சதவீதம் கூடும். கோலின் முனையில் இரு துளைகள் இடப்படுதற்குக் காரணம் இதுவே. கோல் உள்ளீடற்றதாயினும் இழப்புச் சிறிதே. வெளிவிட்டம் 24 மில்லிமீற்றரும் உள்விட்டம் 16 மில்லிமீற்றரும் உடைய குழாய், அதே வெளிவிட்டமுடைய திண்மக் கோலின் விறைப்பில் 80 சதவீதத்தைத் தருகின்றது. நிறையிலோ 44 சதவீதம் குறைந்துவிடுகின்றது. முறுக்கத்தைப் பெரிதும் எதிர்ப்பது புறப்பகுதியே என்பது இதனாற் பெறப்படும்.

இனி, வளைவில் நிகழும் நிறைப்பெயர்ச்சியை ஆராய்தல் வேண்டும். வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால், அது திரும்பும்போது உட்சில்லுகள் தாங்கிய நிறையின் ஒரு பகுதி வெளிச்சில்லுகளுக்குப் பெயர்கின்றது. 1,000 கிலோகிராம் நிறையும், அரை மீற்றர் உயரத்தில் ஈர்ப்பு மையமும், இட வலச் சில்லுகளிடையே 1.25 மீற்றர் அகலமும் உடைய வண்டியொன்றைக் கருதுக. புவியீர்ப்பு ஆர்முடுகலின் அரைப்பங்கு பக்கவாட்டில் ஏற்படுமாறு அது திரும்பினால், பெயரும் நிறை 200 கிலோகிராம் ஆகும். நிறை, உயரம், அகலம், திரும்பும் வேகம் என்பவற்றாலேயே இத்தொகை தீர்மானிக்கப்படுகின்றது. எத்துணைப் பருமனான கோலைப் பொருத்தினும் இந்த 200 கிலோகிராம் குறைவதில்லை. உடல் சாயாத வண்டியில் நிறைப்பெயர்ச்சி இல்லை எனக் கருதுவது பெருந்தவறாகும்.

அவ்வாறாயின் கோல் மாற்றுவது எதனை? அந்த 200 கிலோகிராமை முன் அச்சும் பின் அச்சும் தமக்குள் எவ்வாறு பங்கிட்டுக் கொள்கின்றன என்பதையே அது மாற்றுகின்றது. சாய்வை எதிர்க்கும் விறைப்பு எந்த அச்சில் மிக்கதோ அந்த அச்சே பெயர்ச்சியின் பெரும்பங்கை ஏற்கின்றது. வில்லமைப்பின் வடிவத்தாலும் ஒரு பகுதி பெயரும். கணக்கு எளிமையாகும் பொருட்டு அது ஈண்டு விலக்கப்படுகின்றது. மேற்கூறிய வண்டியின் நிறை இரு அச்சுக்களிலும் சமமாகத் தங்குவதாகவும், விறைப்பில் முன் அச்சு 60 சதவீதமும் பின் அச்சு 40 சதவீதமும் உடையதாகவும் கொண்டால், முன்னே 120 கிலோகிராமும் பின்னே 80 கிலோகிராமும் பெயரும். நேர்வழியில் 250 கிலோகிராம் வீதம் தாங்கிய சில்லுகளுள் முன்வெளிச்சில்லு 370 ஆகவும், முன்னுட்சில்லு 130 ஆகவும், பின்வெளிச்சில்லு 330 ஆகவும், பின்னுட்சில்லு 170 ஆகவும் மாறிவிடும்.

இப்பங்கீடு ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதற்கு விடை ரயரின் இயல்பில் அடங்கியுள்ளது. சுமை கூடக் கூட ரயரின் பக்கப்பிடியும் கூடும். ஆனால் அதே விகிதத்திற் கூடாது. 250 கிலோகிராம் சுமையில் 250 அலகு பிடி தரும் ரயரொன்று, 370 கிலோகிராமில் 334 அலகும் 130 கிலோகிராமில் 143 அலகும் தருவதாக எடுத்துக்காட்டின் பொருட்டுக் கொள்க. அப்போது முன் அச்சின் மொத்தப் பிடி 500 இலிருந்து 477 ஆகக் குறைகின்றது. அதே ரயர் 330 இல் 309 அலகும் 170 இல் 181 அலகும் தரும்; எனவே பின் அச்சின் பிடி 490 ஆகும். வெளிச்சில்லு பெறும் நயம் உட்சில்லு அடையும் நட்டத்தை ஈடுசெய்வதில்லை. ஆகவே எந்த அச்சிற் கோல் பருக்கின்றதோ அந்த அச்சின் பிடியே குறைகின்றது. இவ்விடயத்தின் சாரம் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும். பருமனான கோல் அந்த அச்சுக்கு வலிமை தரும் என்பது பலரது எண்ணம். வளைவின் எல்லையில் உண்மை அதற்கு நேர்மாறானது.

முன் அச்சு முதலிற் பிடியிழக்கும் வண்டி, சுக்கானைத் திருப்பிய அளவுக்குத் திரும்பாது வெளிநோக்கிச் செல்லும். இது குறைதிரும்பல் எனத்தக்கது. பின் அச்சு முதலிற் பிடியிழந்தால் வண்டியின் வால் வெளியே வீசப்பட்டு, வண்டி வேண்டியதற்கு மேலாகத் திரும்பும். இது மிகைதிரும்பல் ஆகும். இப்பாகுபாட்டை 1930 களில் இயந்திரவியலாரிடையே நிலைநாட்டியவர் மோறிஸ் ஒல்லி என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர். றோல்ஸ்-றொய்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய அவர் 1930 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தார்.

இரண்டனுள் எது தீமை குறைந்தது? குறைதிரும்பலில் அச்சமுற்ற செலுத்துநன் இயல்பாகச் செய்வது, வேகத்தைக் குறைத்துச் சுக்கானை மேலும் திருப்புதலே. வேகங் குறைவதால் முன்சில்லுகள் மீண்டும் பிடிகொள்ளும். அவனது இயல்பூக்கம் அவனைக் காக்கின்றது. மிகைதிரும்பலிலோ சுக்கானை எதிர்ப்புறமாகத் திருப்பவேண்டும். எரிபொருட் கட்டையைத் திடீரென விடவும் கூடாது. விட்டால் நிறை முன்னோக்கிப் பெயர்ந்து பின்சில்லுகள் மேலும் இலேசாகும். இங்கே அதே இயல்பூக்கம் அவனை வஞ்சிக்கின்றது. பந்தய வீரன் பயிற்சியால் இதனை வெல்வான். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் தந்தை வெல்வார் என எதிர்பார்த்தல் தகாது. பொதுமக்களுக்கான வண்டிகளைச் சிறிது குறைதிரும்பல் உடையனவாகவே அமைப்பதன் காரணம் இதுவாகும்.

இவ்வுண்மை நூலறிவாக மட்டும் நில்லாது ஒரு நாட்டின் பெருவழக்காக மாறிய வரலாறும் உண்டு. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஷெவ்ரலே பிரிவு, 1960 ஆம் ஆண்டுக்குரியதாகக் கோர்வேர் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. காற்றாற் குளிரூட்டப்படும் ஆறு உருளை இயந்திரம் அதன் பின்புறத்தில் இருந்தது; அதனால் நிறையின் பெரும்பங்கு பின் அச்சிலே தங்கியது. பின் அச்சு நடுவிற் பிரிக்கப்பட்ட ஊசல் அச்சாகும். சில்லு ஏறி இறங்கும்போது அதன் நிமிர்வும் மாறும். கடுமையான திருப்பத்தில் வெளிச்சில்லு உட்புறமாக மடங்க முயலும். இத்தகைய வண்டிக்கு முன் அச்சிற் சாய்வெதிர்ப்புக் கோல் இருப்பின், பெயர்ச்சியின் கூடிய பங்கை முன்சில்லுகள் ஏற்றுப் பின்சில்லுகளின் பாரத்தைத் தணிக்கும். ஆயின் முதல் ஆண்டுகளில் அக்கோல் பொது அமைப்பிற் சேர்க்கப்படவில்லை. அதற்கு மாற்றாக, முன் ரயர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலும் பின் ரயர்களுக்கு 26 இறாத்தலும் காற்றழுத்தம் விதிக்கப்பட்டது. முன் ரயரின் அழுத்தத்தைக் குறைத்து முன்பிடியைத் தாழ்த்துவதே இதன் நோக்கம். எண்ணெய் நிலையத்தில் நான்கு ரயர்களுக்கும் ஒரே அளவிற் காற்றடித்துவிட்டால் அந்நோக்கம் பாழாகும். உருக்குக் கோலிடம் ஒப்படைத்திருக்கக்கூடிய காவலை, உரிமையாளனின் ஞாபகத்திடம் ஒப்படைத்ததே இங்கு நேர்ந்த பிழை.

ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் வண்டியும் பின்புற இயந்திரமும் ஊசல் அச்சும் உடையதே. அதே 1960 ஆம் ஆண்டுக்குரிய அமைப்பில் அவ்வண்டிக்கு முன் சாய்வெதிர்ப்புக் கோல் சேர்க்கப்பட்டது. கோர்வேருக்கோ 1964 ஆம் ஆண்டுக்குரிய அமைப்பிலேயே முன் கோல் பொதுவாக்கப்பட்டது. பின்னே சுருளிவில்கள் மென்மையாக்கப்பட்டுக் குறுக்காக ஓர் இலைவில்லும் இடப்பட்டது. முன்னே விறைப்பைக் கூட்டிப் பின்னே குறைத்தல் என்னும் மேற்சொன்ன விதியே இரு மாற்றங்களிலும் ஆளப்பட்டமை நோக்கற்பாலது. 1965 இற் பின்னமைப்பு முழுவதும் புதிதாக ஆக்கப்பட்டது.

எனினும் அதே 1965 இல் றால்ப் நேடர் என்னும் சட்டத்தரணி, மோட்டார் வண்டிகளின் ஆபத்துக்களைப் பற்றிய தமது நூலின் முதல் அதிகாரத்திலேயே பழைய கோர்வேரைக் கண்டித்தார். மறு ஆண்டில், 1966 இல், ஐக்கிய அமெரிக்காவில் மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கோர்வேரின் உற்பத்தி 1969 இல் நின்றது. 1972 இல் வெளியான அரசாங்க ஆய்வறிக்கையோ, 1960 முதல் 1963 வரையான கோர்வேர் தன் காலத்துச் சிறு வண்டிகள் சிலவற்றைக் காட்டிலும் கட்டுப்பாட்டை இழக்கும் இயல்பு மிக்கதன்று எனக் கூறியது. இவ்விரு தீர்ப்புக்களையும் ஒருங்கு நோக்குவோர், ஒரு வண்டியை நல்லதென்றோ தீயதென்றோ தனித்துக் கூறுதல் அரிது என்பதை உணர்வர். வண்டியின் இயல்பும் அதனைச் செலுத்துவோரின் பழக்கமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே உரிய வினாவாகும்.

இனி, கோலின் பருமனைத் தெரியும் முறையைச் சுருங்கக் கூறலாம். முதலில் ரயர்களின் தேய்வும் காற்றழுத்தமும், அதிர்ச்சிதாங்கிகளும், இறப்பர் உறைகளும் செம்மையாக உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். தேய்ந்த ரயரின் குற்றத்தைக் கோலால் நீக்க முயல்வது, கண்ணின் நோய்க்குக் காலிற் பற்றிடுவது போலாகும். அடுத்து, வண்டி குறைதிரும்பலுடையதா மிகைதிரும்பலுடையதா என அறிதல் வேண்டும். போக்குவரத்தில்லாத, மூடப்பட்ட பரந்த தளத்தில், தேர்ந்த ஒருவர் மாறா ஆரையுடைய வட்டத்தில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சென்று இதனை அறிவர். பொதுத்தெரு இதற்குரிய இடமன்று.

குறைதிரும்பல் அளவு மீறினால் முன் கோலைச் சிறிதாக்கலாம், அல்லது பின் கோலைப் பருக்கச் செய்யலாம். மிகைதிரும்பல் காணப்பட்டால் இதன் எதிர்மாறைச் செய்தல் வேண்டும். சமநிலை சரியாயிருந்து சாய்வு மட்டும் மிகுதியாயின், இரு அச்சுக்களின் விறைப்பையும் ஒரே விகிதத்திற் கூட்டுதல் வேண்டும். ஒரு முறையில் ஓர் அச்சை மட்டும், ஒரு படியளவே மாற்றிப் பரீட்சித்தல் நன்று. இரண்டையும் ஒருங்கே மாற்றினால் எம்மாற்றம் எவ்விளைவைத் தந்தது என்பது புலனாகாது.

படியளவு எத்தகையது என்பதையும் கணிக்கலாம். முன்னே வில்கள் 300 அலகும் கோல் 300 அலகும், பின்னே வில்கள் 300 அலகும் 18 மில்லிமீற்றர்க் கோல் 100 அலகும் விறைப்புத் தருவதாகக் கொண்டால், பங்கு முன்னர்க் கூறிய 60 உக்கு 40 ஆகும். பின் கோலை 20 மில்லிமீற்றராக்கினால் அது 152 அலகு தரும். பின் அச்சின் பங்கு 43 சதவீதமாகும். அதனை 24 மில்லிமீற்றராக்கினாலோ பின் அச்சின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டிவிடும். இரண்டு மில்லிமீற்றர் வண்டியைத் திருத்தக்கூடும். ஆறு மில்லிமீற்றர் அதன் குணத்தையே தலைகீழாக்கக்கூடும். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் வேறுபாடு நான்காம் வலுவிற் பெரிதாகும் என்பதை மறந்து, விற்பனைக்கு உள்ளவற்றுட் பருமனானதையே வாங்கும் இளைஞன், மழை நாளில் வளைவின் நடுவே எரிபொருட் கட்டையைவிட்டுக் காலை எடுத்த கணத்தில் இக்கணக்கைக் கற்றுக்கொள்ள நேரும்.

பருமனான கோலுக்கு வேறு விலைகளும் உண்டு. இரு சில்லுகளும் பிணைக்கப்படுவதால் ஒரு சில்லு குழியில் விழும் அதிர்ச்சி மற்றையதற்கும் கடத்தப்படும். கரடுமுரடான தெருவில் வண்டி பக்கத்துக்குப் பக்கம் தலையசைக்கும். இயந்திரம் சுழற்றும் அச்சிற் கோல் மிகப் பருத்தால், வளைவில் உட்சில்லு இலேசாகிப் பயனின்றிச் சுழலும். கோல் தரும் விசையைத் தாங்குமாறு அமைக்கப்படாத சட்டமும் பிணைப்புக்களும் வெடிப்புறும். எனவே வேண்டிய அளவுக்குமேற் பருமன் கூடாது என்பது பொதுவிதி.

இலங்கையில் நெடுங்காலம் உழைத்துவரும் மொறிஸ் மைனர் வண்டி இவ்விடயத்தில் ஒரு நல்ல பாடமாகும். அதன் முன்னமைப்பில் நீளவாக்காக இரு முறுக்குக் கோல்கள் உள்ளன. இவை வண்டியின் பாரத்தையே தாங்கும் வில்கள். குறுக்காக அமையும் சாய்வெதிர்ப்புக் கோல்கள் அல்ல. முறுக்கம் என்னும் ஒரே தத்துவம் இருவேறு தொழில்களுக்குப் பயன்படுவதை மாணவர் இங்கு ஒப்பிட்டறியலாம். சாய்வெதிர்ப்புக் கோல் இன்றியே அவ்வண்டி நல்லொழுக்கமுடையதெனப் பெயர் பெற்றது. ஏனெனில் அதன் இயந்திரம் முன்னே உள்ளது. அதன் வேகமும் மிதமானது. கோல் எல்லா வண்டிக்கும் இன்றியமையாததன்று. தேவை அமைப்பைப் பொறுத்தது.

இக்காலத்தில் சறுக்கலை உணர்ந்து ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே தடுக்கும் இலத்திரனியல் உறுதிப்படுத்தி பல வண்டிகளில் உண்டு; ஐக்கிய அமெரிக்காவில் 2012 ஆம் ஆண்டுக்குரிய சிறு வண்டிகள் முதல் அது கட்டாயமாகும். எனினும் அது ரயரிடம் இல்லாத பிடியைப் படைக்கவல்லதன்று. இருக்கும் பிடியைப் பங்கிடவே வல்லது. அவ்வகையில் அதுவும் சாய்வெதிர்ப்புக் கோலின் இனத்ததே.

ஓரிடத்திற் கூட்டிய விறைப்பு அவ்விடத்தின் பிடியைக் குறைத்து மற்றையிடத்துக்கு உதவுகின்றது. ஆதலால் நல்ல கோல் யாதெனின் பருத்ததன்று, தன் எதிர் அச்சோடு பொருந்தியதே. பாடசாலையிற் கற்ற நான்காம் வலுவும், நெம்பும், நிறையின் சமநிலையும் தெருவின் ஒரு வளைவில் ஒருங்கு சேர்கின்றன. அவற்றை முன்கூட்டியே தாளிற் கணித்தவர், கோலை வாங்குமுன்னரே அதன் நன்மை தீமைகளை அறிவர்.